இடமிருந்து நாலாவது ஆள்

பலகை இன்னும் சுட்டது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த பலகை. அம்மா அதன்மேல் ஒரு கைக்குட்டையை விரித்து, அதுவே சிம்மாசனம் என்பது போல உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அப்பா. நடுவில் நான். என் மடியில் ஒரு கறுப்புத் தூரக்கண்ணாடி.

எங்கள் முன்னால் கொச்சி வெலிங்டன் தீவின் பெரிய மைதானம். புல்லின் மேல் சுண்ணாம்புக் கோடுகள். அதற்கப்பால் காயல், காயலில் நங்கூரம் போட்ட இரண்டு கப்பல்கள். மைதானத்தின் நடுவே, வெள்ளைச் சீருடையில் கடற்படை பேண்டுக்காரர்கள் எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். வரிசைக்குப் பத்துப் பேர். எத்தனை வரிசை என்று எண்ணி முடிப்பதற்குள் கண் கூசியது. பித்தளை வாத்தியங்கள் சாயங்கால வெயிலை வாங்கி எங்கள் முகத்தில் அடித்தன.

"நாலாவது வரிசை," என்றார் அப்பா, உதடு அசையாமல். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. "இடதுபக்கத்துலேர்ந்து நாலாவது ஆளு."

நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன். முதலில் ஒரு டிரம் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு காது. மெல்ல நகர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நாலில் நிறுத்தினேன்.

கையில் கிளாரினெட். அடர்ந்த புருவம். மோவாயில், விரல் நுனியால் அழுத்தி எடுத்த மாதிரி ஒரு சின்னக் குழி.

"எப்படி இருக்கான்?" என்றாள் அம்மா.

"இருக்கார்," என்றேன்.

ஒரு மணி நேரம் அவரையே பார்த்தேன். எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் கல்யாணமாகாத ஒரு பெண் முன்பின் தெரியாத ஓர் ஆணை, அப்பா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூரக்கண்ணாடி போட்டு ஒரு மணி நேரம் பார்த்தாள் என்பது அதற்கு முன் நடந்ததில்லை. பின்னாலும் நடந்ததாகத் தெரியவில்லை. அது எப்படி நடந்தது என்று சொல்ல, கொஞ்சம் முன்னால் நடந்தவற்றைச் சொல்ல வேண்டும்.

ஏழு பேர் வந்து போனார்கள்

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். அதே தெருவில் இன்னொரு பண்டகசாலையில் அப்பா மிளகு தரம் பார்ப்பவர். குத்தூசியை மூட்டைக்குள் செருகி, அதன் குழலில் வரும் நாலு மணியை உள்ளங்கையில் கொட்டி, தேய்த்து, மோந்து, ஒன்றைக் கடித்துத் துப்புவார். வயநாடா இடுக்கியா, போன வருஷத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவார். அவர் சட்டையைத் துவைத்தால் அம்மாவுக்குத் தும்மல் வரும்.

அப்பாவின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையில் எங்கள் தமிழ் காயல் தண்ணீரைக் குடித்து மலையாள வாடை பிடித்துவிட்டது. அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேசுவதுதான் தமிழ் என்று நினைத்திருந்தோம்.

என்னைப் பெண் பார்க்க ஏழு முறை ஆட்கள் வந்தார்கள். ஏழு முறையும் கேசரி, பஜ்ஜி. ஏழு முறையும் ஒரு வாரம் கழித்து ஒரு கார்டு வரும். ஜாதகம் சரியில்லை, பையன் மேலே படிக்கப் போகிறான், இப்படி ஏதாவது. ஒருவர் உண்மையைச் சொன்னார்: பெண் உயரம்.

அஞ்சாவதாக வந்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். சொந்த ஊர்ப் பக்கம் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் வாசலில் தயங்கி நிற்க, நான் கூச்சத்தோடு சொன்னேன்:

"இரிங்க. சாயா எடுத்துட்டு வாரேன்."

மாப்பிள்ளையின் தங்கை ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இரிங்களாம்! சாயாவாம்!" என்று தன் அம்மாவிடம் திருப்பிச் சொன்னாள். அந்த அம்மாவும் சிரித்தாள். சித்தப்பா சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாப்பிள்ளை. நான் கேசரித் தட்டோடு நின்றேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பை நான் பல வருஷம் காதிலேயே வைத்திருந்தேன்.

ஏழாவது கார்டு வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா கார்டைப் படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் சொன்னேன்:

"அப்பா, இனிமே என்னைப் பார்க்க யாரும் வர வேணாம்."

"அப்புறம்?"

"நான் போய்ப் பார்க்கேன். அவருக்குத் தெரியாம. எனக்குப் பிடிச்சா மேல பேசுங்க."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கேட்டியளா இவ பேச்சை!"

அப்பா மோருக்குக் கை நீட்டினார். சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். கடைசியில், "அதுவும் சரிதான்," என்றார். "மூட்டை வந்து நம்மளைப் பார்க்கிறது இல்லை. நாமதான் போய்ப் பார்க்கோம்."

மணி மாமா செய்த ஏற்பாடு

என் அம்மாவின் தம்பி மணி மாமாவுக்கு வெலிங்டன் தீவில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. தீவில் அவருக்குத் தெரியாத ஆளும் கிடையாது, அவர் குடிக்காத சாயாக்கடையும் கிடையாது. அந்தச் சாயாக்கடை ஒன்றில்தான் ராமலிங்கத்தைப் பிடித்திருக்கிறார். நாகர்கோவில்காரர், கடற்படையில் வேலை, முப்பத்தொரு வயது, அப்பா இல்லை, அம்மா மட்டும் ஊரில்.

"கப்பல்ல போறவனா?" என்று அம்மா பயந்தாள்.

"கப்பல்ல எல்லாம் போக மாட்டான். பேண்டுல இருக்கான்."

"பேண்டுலயா? கல்யாணத்துக்கு வருவானுகளே, அதுவா?"

"அக்கா, இது கடற்படை பேண்டு. அவன் கிளாரினெட்."

"பீப்பி ஊதறவனுக்கா நான் பொண்ணு கொடுக்கணும்?"

மாமா ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் பெரும்பாகம் தொப்பி. தொப்பிக்குக் கீழே நிழல். நிழலுக்குக் கீழே ஒரு வாய். அதை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

அந்த மாதம்தான் தீவில் பட்டாளத்து பேண்டு விழா. பல ஊர்களிலிருந்து தரைப்படை பேண்டுகளும், பைப் வாசிப்பவர்களும், கடற்படைக்காரர்களோடு சேர்ந்து வாசிக்கப் போகிறார்கள். இரண்டு நாள். மாமா மூன்று பாஸ் கொண்டுவந்தார். ஏதோ கப்பல்காரனிடம் அந்தத் தூரக்கண்ணாடியையும் இரவல் வாங்கி வந்தார். அவருக்கு அன்றைக்கு டியூட்டி. முடிந்ததும் வந்துவிடுவார். போகும்போது சொல்லிவிட்டுப் போன ஒரே வாசகம்: நாலாவது வரிசை, இடமிருந்து நாலாவது ஆள்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். நான் ஆபீசுக்குக் கட்டும் நூல் புடவையையே கட்டிக்கொண்டேன். பார்க்கப் போவது நான்தானே, எனக்கு எதற்கு அலங்காரம் என்று ஒரு வீம்பு. படகு விலகும்போது பண்டகசாலைகளின் பின்பக்கம் தெரிந்தது; காயல் தண்ணீர் தளும்பும் படிகள், சாக்குகள், சுக்கு வாசனை. அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது.

புலித்தோல் போர்த்தியவர்

இனி மைதானத்துக்கு வருகிறேன்.

மட்டாஞ்சேரியில் பிறந்தவளுக்குச் சத்தம் புதிதில்லை. செண்டை உண்டு, மூட்டை தூக்குபவர்களின் கூப்பாடு உண்டு, என் டைப்ரைட்டரும் சும்மா இருக்காது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிப்பதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முதல் அடி விழுந்ததும் பலகை அதிர்ந்தது. அம்மா என் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மாறி மாறிப் பேசினார்கள். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா எல்லாவற்றுக்கும் "ஓ" என்றார்.

தரைப்படைக்காரர்கள் வந்தார்கள். பெரிய டிரம்மைச் சுமந்து வந்தவர் மேல் புலித்தோல். அம்மா எழுந்தே விட்டாள். "பரமசிவன்லா வாரார்!" பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அடுத்து பைப் வாசிப்பவர்கள், கட்டம் போட்ட பாவாடையோடு. "ஆட்டுக்குட்டியை எதுக்கு இடுக்கி வச்சிருக்கானுக?" என்றாள். அது பைதான், அதற்குள் காற்று அடைத்து வாசிப்பார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. அது கத்த ஆரம்பித்ததும், "நான் சொல்லல?" என்று என்னை ஜெயித்த மாதிரி பார்த்தாள்.

முன்னால் நடப்பவர் ஒரு பெரிய வெள்ளித் தடியைத் தூக்கி வானத்தில் எறிந்தார். அது சுழன்று சுழன்று ஏறி, ஒரு கணம் சூரியனில் மறைந்து, சரியாக அவர் கைக்கு வந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அப்பா கைதட்டினார். அப்பா கைதட்டி நான் பார்த்தது அன்றுதான்.

நடு நடுவில் நான் நாலாவது ஆளிடம் திரும்பிப் போனேன். அவர் வியர்வையைத் துடைக்கவில்லை. பார்வை நேராக இருந்தது. ஒரு பாட்டின் நடுவே தாளத்துக்குப் புருவம் மட்டும் மேலே ஏறியது. ஏழு பேர் என்னைப் பார்த்தபோது நான் தலை குனிந்து நின்றேனே, பார்ப்பவன் இடத்தில் உட்கார்ந்தால் இவ்வளவு சௌகரியமா என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த மோவாய்க் குழியைப் பார்த்தபடி, வீடு, வாடகை, அடுப்பு என்று மனசு ஒரு பத்து வருஷம் முன்னால் போய்விட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் நான் சம்மதித்துவிட்டேன்.

தொப்பி

அப்போது காயலிலிருந்து ஒரு காற்று வந்தது.

கடற்படைக்காரர்கள் வாசித்தபடி எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நாலாவது வரிசையிலேயே, ஆனால் வலது பக்கமாக, ஒருவருடைய தொப்பி எழும்பியது. ஒரு குட்டிக்கரணம் போட்டுப் புல்லில் விழுந்து, சக்கரம் மாதிரி உருண்டு ஓடியது.

தொப்பி போன இடத்தில் ஒரு வழுக்கைத் தலை. காதோரம் மட்டும் கொஞ்சம் முடி. மற்றது வழவழவென்று, பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே இன்னொரு வாத்தியம் போல மின்னியது.

அந்த மனிதர் குனியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. எல்லோரும் காலெடுத்து வைத்தபோது அவரும் வைத்தார். எல்லோரும் திரும்பியபோது அவரும் திரும்பினார். திரும்பியபோது அந்தத் தலை பளீரென்று ஒரு சுற்று வெளிச்சம் அடித்தது.

பலகைகள் முழுக்கச் சிரிப்பு. நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்றால், தூரக்கண்ணாடி மடியிலிருந்து வழுக்கி விழுந்து, அப்பா அதைப் பிடித்தார். முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தேன்.

தொப்பி மைதானத்தின் நடுவிலேயே கிடந்தது. பைப் வாசிப்பவர்கள் வந்தார்கள். ஆற்று நீர் பாறையைச் சுற்றுவது போல இரண்டாகப் பிரிந்து, அதை மிதிக்காமல் போய், மறுபடி சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஓரத்திலிருந்து ஒரு சிப்பாய் விறைப்பாக நடந்து வந்தார். தொப்பியை எடுத்தார். ஒரு சல்யூட் அடித்தார். விறைப்பாகவே திரும்பிப் போனார். அன்றைய விழாவில் பெரிய கைதட்டல் அவருக்குத்தான்.

"இவரா?"

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. இன்னும் இருட்டவில்லை. ஜெட்டிக்குப் போகும் வழியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சாயாக்கடை. அங்கே நிற்கச் சொல்லியிருந்தார் மாமா. நின்றோம். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். பட்டே கட்டியிருக்கலாமோ என்று தோன்றியது.

மாமா வந்தார். பக்கத்தில் ஒருவர், வெள்ளைச் சீருடையில், கையில் வாத்தியப் பெட்டியோடு. தொப்பி கக்கத்தில் இருந்தது.

"அக்கா, அத்தான், இதான் ராமலிங்கம்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். "இவரா?" என்றாள்.

மோவாயில் குழி இல்லை. தலையில் முடி இல்லை. மாமா சொன்னது பேண்டுக்காரர்களின் இடது பக்கம். நாங்கள் எண்ணியது எங்கள் இடது பக்கம்.

வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அந்தத் திருநெல்வேலிப் பெண்ணை நினைத்தேன். அவளை அதுவரை நான் மன்னிக்கவில்லை. இப்போது எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

"எல்லாரும் இரிங்க," என்றார் ராமலிங்கம். "சாயா சொல்லுகேன்."

அம்மா மாமாவை ஓரமாக இழுத்தாள். "போட்டோல தொப்பி போட்டிருந்தாரே?"

"தொப்பிக்குள்ள என்ன இருக்குன்னு நீ கேக்கலியே அக்கா."

அப்பா சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு, கப்பல் பார்க்கிற மாதிரி பத்து அடி தள்ளிப் போய் நின்றார். போகும்போது அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டார். மாமாவும் போனார். பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர், நடுவில் அந்தப் பெட்டி.

"நீங்க பார்க்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். "மணியண்ணன் நேத்தே சொல்லிட்டாரு."

தெரியாமல் பார்க்க வேண்டும் என்று நான் போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

"அதாலதான் தொப்பி போச்சு. என் தொப்பி பழசு. ஓரமெல்லாம் மஞ்சளிச்சுப் போச்சு. பக்கத்துக் கட்டில்காரன்கிட்ட புதுசு ஒண்ணு இருந்துச்சு, வாங்கிப் போட்டேன். அவனுக்குத் தலை பெரிசு."

அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவரிடம் இதை மறைக்க முடியாது என்று தோன்றியது.

"நான் சிரிச்சேன்," என்றேன். "தொப்பி விழுந்தப்போ. எல்லாரையும்விட நான்தான் சத்தமாச் சிரிச்சேன். நீங்கதான்னு தெரியாது. தெரியாட்டியும் சிரிச்சிருக்கக் கூடாது."

"அதுக்கு என்ன? சிரிப்பு வந்தா சிரிக்கணும். எங்க ஆளுக வாயில வாத்தியம் இருந்துச்சு, தப்பிச்சேன். இல்லேன்னா அவனுகளும் சிரிச்சிருப்பானுக."

"ஏன் எடுக்கலை?"

"விழுந்தா எடுக்கக் கூடாது. நின்னா பின்னால வாரவன் இடிப்பான், அவனுக்குப் பின்னால வாரவன் இடிப்பான். அப்புறம் பாட்டு எங்க?" சாயாவை ஒரு வாய் குடித்தார். "வாசிப்பு எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லியிருக்கலாம். நல்லா இருந்துச்சு என்று இரண்டு சொல்.

"நான் கேக்கவே இல்லை. வேற ஒருத்தரைப் பார்த்துட்டு இருந்தேன். ஒரு மணி நேரமா. நீங்கன்னு நினைச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரை?"

"அதே வரிசைல. இந்தப் பக்கத்துலேர்ந்து நாலாவது."

விரலால் எண்ணிப் பார்த்தார். "மோவாயில குழி?"

"ஆமா."

அப்போதுதான் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். தள்ளி நின்ற அம்மா பயந்து திரும்பிப் பார்த்தாள். "மொகந்தி! ஒரிசாக்காரன். அவனுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு!"

அந்த மொகந்தி பல வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தார். மனைவியையும் அழைத்து வந்தார். நான் பரிமாறினேன். அவர் இலையைத் தவிர அவர் பக்கம் எதையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அடுக்களைக்குள் வந்து, "ஒரு மணி நேரம் பார்த்த மனுஷனுக்கு ஒரு அப்பளமாவது கூட வையேன்," என்றார்.

அதெல்லாம் பின்னால். அன்று ராமலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸை எடுத்து வாத்தியப் பெட்டியின் மேல் வைத்தார்.

"நாளைக்கும் உண்டு. வந்து சரியான ஆளைப் பாருங்க. வர வேணாம்னு தோணினா வர வேணாம். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் புரிஞ்சுக்குவேன்."

இரண்டாம் நாள்

திரும்பும் படகில் அம்மா வாய் ஓயவில்லை. மணியை நம்பியது தப்பு. மனுஷன் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனாலும் தலை. ஊர் என்ன சொல்லும், கல்யாண போட்டோவில் எப்படித் தெரியும். அப்பா கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது பாஸை அப்பாவிடம் காட்டினேன். "சாயங்காலம் நான் மட்டும் போறேன்."

அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். மோந்து பார்த்துவிடுவாரோ என்று நினைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆறே முக்காலுக்குப் படகு. விட்டுராத," என்றார்.

தனியாகப் போனேன். அதே பலகை, வேறு இடம். இன்று பேண்டுக்காரர்களின் இடது பக்கத்திலிருந்து எண்ணினேன். தூரக்கண்ணாடி கிடையாது, அவர் முகம் ஒரு விரல் நகம் அளவுதான் தெரிந்தது. தலையில் பழைய தொப்பி. மஞ்சள் ஓரம் அங்கிருந்து தெரியவில்லை.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கேட்டேன்.

சூரியன் கப்பல்களுக்குப் பின்னால் இறங்கும் நேரம். அணிவகுப்பெல்லாம் முடிந்து அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். கொடி இறங்கத் தொடங்கியது. மெதுவாக ஒரு பாட்டு வாசித்தார்கள். டிரம் இல்லை. பெரிய வாத்தியங்கள் அடங்கிப் போக, கிளாரினெட்டுகள் மட்டும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்தன. இருபது பேரா முப்பது பேரா தெரியாது, ஒரே ஆள் ஊதுவது போல இருந்தது. பலகையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. என் கண்ணில் நீர் வந்தது. எனக்கும் காரணம் தெரியவில்லை.

விழா முடிந்து நான் நின்ற அதே சாயாக்கடைக்கு அவர் ஓடி வந்தார். பேண்டுக்காரர்களின் வண்டி கிளம்பப் போகிறது, அஞ்சு நிமிஷம்தான் இருக்கிறது என்றார்.

"இன்னைக்குக் கேட்டேன்," என்றேன். "கடைசிப் பாட்டு. உங்க சத்தம் எதுன்னு கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியலை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிக்கக் கூடாது. என் சத்தம் தனியாக் கேட்டுச்சுன்னா நான் தப்பு பண்ணுகேன்னு அர்த்தம்."

எனக்குத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும் என்று பாடுபட்டவர்கள். வண்டியின் ஹாரன் அடித்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு காலை மாற்றி வைத்தார்.

"பஜார் ரோட்டுல என் ஆபீஸ்," என்றேன். "அஞ்சு மணிக்கு விடும்."

படகைப் பிடித்துவிட்டேன். கடைசி ஆளாக ஏறினேன்.

அஞ்சு மணி

திங்களன்று வரவில்லை. செவ்வாயன்றும் வரவில்லை. ஒரு கடிதத்தில் அன்று மூன்று தப்பு அடித்தேன். வெள்ளை மை தடவி, காய்வதற்குள் மறுபடி அடித்ததில் எழுத்து கலைந்து அப்பிக்கொண்டது. மானேஜர் கடிதத்தையும் என்னையும் பார்த்துவிட்டுப் போனார்.

புதனன்று அஞ்சு மணிக்கு வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். சாதாரணச் சட்டை, வேட்டி. லீவு கிடைக்க மூன்று நாளாயிற்று என்றார். மூட்டை தூக்குபவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருவர், "ஆரா மோளே இது?" என்று அவரைக் காட்டிக் கேட்டே விட்டார். நான் நடந்தேன். ராமலிங்கமும் என் பக்கத்தில் நடந்தார். நான் அவரைவிட ஒரு விரற்கடை உயரம். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவருடைய அம்மாவுக்குக் காலில் வாதம், கடற்படையில் இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள் என்றார். நான் வேலையை விடமாட்டேன் என்றேன். "விட வேணாம்," என்றார். "டைப் எல்லா ஊர்லயும் அடிக்கலாமே." ஜெட்டி வரை அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

வழியில் அப்பாவின் பண்டகசாலை. அப்பா வாசலில் ஒரு சாக்கின் முன் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும். உடனே உள்ளங்கையில் இருந்த மிளகை மோந்து பார்க்கத் தொடங்கினார். நாங்கள் கடந்து போகும்வரை நிமிரவே இல்லை. அவ்வளவு நேரம் எந்த மிளகையும் அவர் மோந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். அப்பாவும் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"கோமு," என்றார் அப்பா. "கல்யாணத்துக்கு நாகசுரமா, பேண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் துருவுகிற சத்தம் நின்றது.

"எதை வேணா வையுங்க," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "மாப்பிள்ளையை மட்டும் ஊத விட்டுராதீங்க."